பாலியில் அடுக்கு வயல் பார்க்க: தெகல்லாலாங் போதுமா, ஜதிலுவி வரை போகணுமா?

வரப்போரம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வரும் ஜூலை முதல் வாரத்தில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாலி போகிறேன். சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாக டிக்கெட் போட்டாயிற்று. தங்குவது உபுதில். கடற்கரை, கோயில், கடைத்தெரு பற்றியெல்லாம் இங்கேயே நிறையப் படித்துவிட்டேன். முடிவு பண்ண முடியாமல் இருப்பது நெல் வயல் விஷயம் மட்டும்தான்.

அப்பாவுக்கு எழுபதை நெருங்குகிறது. மன்னார்குடி பக்கம் வாழ்நாள் முழுக்க நெல் போட்டவர். இப்போது நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். ஆனாலும் விடிந்ததும் வயல் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும். பாலி என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அங்க என்ன ரகம் போடுறாங்க?" மலைச்சரிவில் படிப்படியாக வயல் இறங்கும் படத்தைக் காட்டினேன். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இவ்வளவு உயரத்துல இருக்கிற வயலுக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது? யார் தொறந்து விடுறா?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டிராவல்ஸ்காரர் கொடுத்த திட்டத்தில் தெகல்லாலாங் வயலுக்கு முக்கால் மணி நேரம் போட்டிருக்கிறார். அதற்குள் ஊஞ்சலும் காப்பித் தோட்டமும் அடக்கம். அப்பாவுக்கு இது போதாது என்று மனசு சொல்கிறது. ஜதிலுவி என்று ஓர் இடம் இருக்கிறதாமே, அது தூரமா? ஜூலையில் பயிர் இருக்குமா, இல்லை வெறும் தாளா? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் நடப்பார், செங்குத்தான படி என்றால் சிரமம். அங்கே ஒரு விவசாயியோடு அவர் நாலு வார்த்தை பேச வழி உண்டா? அம்மா சைவம். அதற்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.

---

மதுரைக்காரன் எழுதியது:

தெகல்லாலாங்கை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். உபுதிலிருந்து வடக்கே பத்து கிலோமீட்டர்கூட இல்லை. காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் கூட்டம் இருக்காது, பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் தென்னை மரங்களுக்கு நடுவே வெயில் இறங்கி வரும்போது அந்த வயல்கள் அப்படி இருக்கும். நான் பார்த்ததிலேயே அழகான காலை வேளைகளில் அதுவும் ஒன்று. பத்து மணிக்கு மேல் கதை வேறு. சாலையோரம் முழுக்க வண்டி, ஊஞ்சலுக்கு வரிசை, வரப்பில் நடந்தால் அங்கங்கே மூங்கில் தடுப்பு வைத்து நன்கொடை கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை, அவர்கள் நிலத்தில்தானே நடக்கிறோம். ஐந்தாயிரம், பத்தாயிரம் ரூபியா என்று சில்லறைத் தாள்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால்தான் பிரச்சினை. அங்கே சாலை மேலே, வயல் கீழே. இறங்கினால் ஏறியாக வேண்டும். மண்ணில் வெட்டிய படிகள், ஈரமாக இருந்தால் வழுக்கும். அப்பாவை மேலேயே ஒரு கடையில் உட்கார வைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தால் முழு பள்ளத்தாக்கும் தெரியும்.

காப்பித் தோட்டத்தில் லுவாக் காப்பி என்று கொடுப்பார்கள். மரநாய் தின்று கழித்த கொட்டையை எடுத்துச் செய்வது. பல இடங்களில் அந்த விலங்கைக் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள், எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதைத் திட்டத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிடுங்கள், அந்த நேரமும் வயலுக்குக் கிடைக்கும்.

அப்புறம் மறந்துவிடாதீர்கள்: இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் வாங்கும் விசா 5,00,000 ரூபியா, 30 நாள் செல்லும். அது போக, வெளிநாட்டுப் பயணிகளுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து பாலி அரசு தலைக்கு 1,50,000 ரூபியா தனியாக வாங்குகிறது. இரண்டையும் கிளம்பும் முன்பே இணையத்தில் கட்டிவிட்டால் பெரியவர்கள் விமான நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டாம்.

---

மதகடி எழுதியது:

தாமதமாகத்தான் பார்த்தேன் அம்மா. உங்கள் அப்பா கேட்ட கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் சிங்கப்பூரில் இருப்பதால் பாலி எனக்குப் பக்கமாகிவிட்டது. போகும்போதெல்லாம் நான் பார்ப்பது வாய்க்காலைத்தான். "யார் தொறந்து விடுறா" என்பதற்குள் அந்தத் தீவின் பாதிக் கதை இருக்கிறது.

முதலில் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்பது. ஏறவில்லை, மேலிருந்து வருகிறது. பாலியில் ஆறுகள் எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையை ஆழமாக அரித்துக்கொண்டு ஓடுகின்றன. வயல் மேலே, ஆறு கிடுகிடு பள்ளத்தில். பக்கத்தில் ஓடும் ஆற்றிலிருந்து அந்த வயலுக்குத் தண்ணீர் எடுக்கவே முடியாது. அதனால் ஆற்றோடு மேலே மேலே போய், வயலைவிட உயரமான ஓர் இடத்தில் சின்னதாக ஒரு தடுப்பணை கட்டி, அங்கிருந்து பாறையைக் குடைந்து சுரங்கமாகத் தண்ணீரைக் கொண்டுவந்து சரிவின் உச்சியில் விடுகிறார்கள். இதை ஆயிரம் ஆண்டுகளாகச் செய்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு, செப்பேடுகளிலேயே இந்தப் பாசன அமைப்பின் பேச்சு வருகிறது. பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. முழுக்க வாட்டம் பார்த்து விட்ட தண்ணீர்.

சரி, யார் திறந்து விடுகிறார்கள்? ஒரே தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் விவசாயிகள் சேர்ந்த சங்கத்துக்கு சுபாக் என்று பெயர். தீவு முழுக்க சுமார் 1,200 சுபாக் இருப்பதாக யுனெஸ்கோ சொல்கிறது, ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 விவசாயிகள் வரை. ஊர் எல்லைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாய்க்கால் எதுவரை போகிறதோ அதுவரை ஒரு சுபாக். உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர் பெக்காசே. எப்போது நாற்று விடுவது, எப்போது வாய்க்கால் தூர் வாருவது, வராதவருக்கு என்ன அபராதம், எல்லாம் அவர்கள் கூட்டத்தில்தான் முடிவாகும். நம் ஊரில் குடிமராமத்து நல்லபடி நடந்த காலத்தில் ஊரே கூடி ஏரி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டதை உங்கள் அப்பா கேள்விப்பட்டிருப்பார். இங்கே அது இன்றைக்கும் நடக்கிறது.

நான் ஜதிலுவியில் ஒரு வாய்க்கால் ஓரம் வெகுநேரம் நின்ற இடம் ஒன்று உண்டு. தண்ணீரைப் பிரிக்கும் இடம். அதை தெம்புக்கு என்கிறார்கள். வாய்க்காலின் குறுக்கே ஒரு மரத்துண்டு கிடக்கும், அதில் இரண்டு வாய் வெட்டியிருக்கும். நான் பார்த்ததில் ஒன்று அகலம், இன்னொன்று அதில் பாதி. இரண்டுக்கும் அடிமட்டம் ஒன்றே. விஷயம் அதில்தான் இருக்கிறது. அடிமட்டம் ஒன்றாக இருந்தால் வாய்க்காலில் தண்ணீர் நிறைய வந்தாலும் கொஞ்சமாக வந்தாலும் பங்கு மாறாது. ஒருவருக்கு இரண்டு பங்கு, மற்றவருக்கு ஒரு பங்கு, எப்போதும். கதவு இல்லை, பூட்டு இல்லை, ராத்திரியில் யாரும் வந்து திருகிவிட முடியாது. அளவுகோல் வைத்துப் படிக்கத் தெரியாதவரும் ஒரு பார்வையில் கணக்கைச் சரிபார்த்துவிடலாம். தண்ணீர் குறைந்தால் எல்லாருக்கும் அதே விகிதத்தில் குறையும். நான் நின்றுகொண்டிருக்கும்போது மண்வெட்டியோடு ஒருவர் வந்தார். சின்ன வாயில் ஒரு வாழைச்சருகு அடைத்துக்கொண்டிருந்தது. குனிந்து எடுத்து வரப்பில் போட்டுவிட்டு, தண்ணீர் சரியாக விழுகிறதா என்று கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனார். எங்கள் டிரைவர் கேட்டுச் சொன்னார், அவருடைய வயல் பெரிய வாய் பக்கமாம். வேலை பார்த்த காலத்தில் மதகுப் பூட்டை உடைத்த வழக்குகள் எத்தனை பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் செய்த அந்தச் சின்னக் காரியம் எனக்கு இன்னும் பெரிதாகத்தான் தெரிகிறது. இப்போது பல இடங்களில் இதே அமைப்பு கான்கிரீட்டில் இருக்கிறது, கணக்கு அதேதான். அப்பாவை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். நீங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

இதற்கு மேல் கோயில் வருகிறது. ஒவ்வொரு தடுப்பணையிலும், வாய்க்கால் பிரியும் இடத்திலும், ஏன், ஒவ்வொரு வயலின் முதல் மடையிலும்கூட ஒரு சின்ன மாடம் இருக்கும். நெல்லுக்கு தேவி ஸ்ரீ, ஏரிக்கு தேவி தானு. வட கிழக்கே பத்தூர் எரிமலையின் வாய்க்குள் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அந்த எரிமலை வாயின் விளிம்பில் நிற்கும் உலுன் தானு பத்தூர் கோயில்தான் இந்த நீர்க் கோயில்களுக்கெல்லாம் மேலே. முதலில் அது கீழே ஏரிப் பக்கம் இருந்தது. 1926-இல் எரிமலை பொங்கி ஊரே புதைந்தபோது மேலே விளிம்புக்கு மாற்றிக் கட்டினார்கள். எந்தச் சுபாக் எப்போது நடவு போடுவது, எப்போது நிலத்தை ஆறப் போடுவது என்று பல சுபாக்குகள் சேர்ந்து முறை வகுப்பது இந்த நீர்க் கோயில்கள் வழியாகத்தான்.

இது வெறும் சடங்கு என்று நினைத்த காலமும் உண்டு. 1970-களில் பசுமைப் புரட்சி வந்தபோது அரசாங்கம் புது ரகங்களைக் கொடுத்து, கோயில் முறையெல்லாம் வேண்டாம், எவ்வளவு தடவை முடியுமோ அவ்வளவு தடவை நடுங்கள் என்றது. முதலில் விளைச்சல் ஏறியது. பிறகு புகையான் பூச்சியும் துங்ரோ என்ற பயிர் நோயும் வந்து வயல் வயலாக அழித்தன. தண்ணீர்த் தகராறும் வந்தது. காரணம் எளிது. பக்கத்துப் பக்கத்து வயல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அறுத்து ஒரே சமயத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்குத் தின்ன எதுவும் இருக்காது, பட்டினியில் அழியும். ஆளுக்கொரு நேரத்தில் நட்டால் அது ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குக் குடிபோய்க்கொண்டே இருக்கும். ஆனால் எல்லாருமே ஒன்றாக நட்டால் எல்லாருக்கும் ஒரே நாளில் தண்ணீர் வேண்டும், ஆறு தாங்காது. எத்தனை சுபாக் சேர்ந்து ஆறப் போட்டால் பூச்சியும் அடங்கும், தண்ணீரும் போதும் என்ற அந்த நடுப்புள்ளியைத்தான் கோயில் முறை பிடித்து வைத்திருந்தது. ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரும் 1980-களில் ஆற்றையும் சுபாக்குகளையும் கணினியில் ஏற்றிப் பார்த்தார்கள். நல்ல மகசூல் தந்த முறை, கோயில்கள் வகுத்த முறைக்கு மிக நெருக்கமாக வந்தது. அதற்குள் விவசாயிகளே பல இடங்களில் பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள். உங்கள் அப்பா புகையானோடு மல்லுக்கட்டியவராக இருப்பார். போவதற்கு முன் இந்தக் கதையை அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இனி இடம். ஜதிலுவிதான் போக வேண்டும். தபானான் மாவட்டத்தில், 2,276 மீட்டர் உயரமுள்ள பத்துக்காரு மலையின் அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டரில் இருக்கிறது. உபுதிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம், வழியில் நெரிசல் என்றால் இரண்டு. 2012-இல் யுனெஸ்கோ பாலியின் சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மொத்தம் 19,500 ஹெக்டேர். ஜதிலுவி வயல்கள் அதற்குள் வருகின்றன. தெகல்லாலாங்கின் புகழ்பெற்ற அந்தச் சரிவு ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம்தான், ஜதிலுவியில் கண்ணுக்கெட்டிய தூரம் மலை மடிப்பு மடிப்பாக வயல். நுழைவுக்குத் தலைக்கு ஒரு கட்டணம் உண்டு, வண்டிக்குத் தனி.

முழங்காலுக்கும் அதுதான் நல்லது. அங்கே நிறம் குறித்த நடைவழிகள் பல இருக்கின்றன, ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறதும் உண்டு, அரை நாள் பிடிக்கிறதும் உண்டு. சின்ன வழி பெரும்பாலும் சிமென்ட் போட்ட பாதை, வாய்க்காலை ஒட்டியே போகும், ஏற்ற இறக்கம் மெதுவாகத்தான் இருக்கும். வரப்பு மேல் ஏறாதீர்கள் என்று உங்கள் அப்பாவுக்கு யாரும் சொல்ல வேண்டாம். கூட வருகிற இளசுகளுக்குச் சொல்லுங்கள். அடுக்கு வயலில் வரப்பு உடைந்தால் ஒரு வயலோடு நிற்காது, தண்ணீர் கீழ் வயலையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போய்விடும்.

ஜூலை நல்ல காலம். மழை குறைவு, ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அங்கே வறண்ட காலம். ஜதிலுவியில் முதல் போகம் பழைய உள்ளூர் சிவப்பரிசி, ஜனவரி வாக்கில் நட்டு ஜூன், ஜூலையில் அறுப்பார்கள். ஐந்தாறு மாதப் பயிர், ஆள் உயரத்துக்கு வரும். நம் மாப்பிள்ளைச் சம்பாவை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் போகும் வாரத்தில் சில வயல் பழுத்து நிற்கும், சில வயல் அறுத்து முடிந்திருக்கும். போட்டோவில் பார்க்கும் பச்சைக் கம்பளம் கிடைக்காமல் போகலாம். விவசாயிக்கு அறுவடை பார்ப்பதைவிட வேறென்ன வேண்டும்? சிவப்பரிசியை அரிவாளால் அடியோடு அறுப்பதில்லை. ஆனி ஆனி என்று உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சின்னக் கத்தி, அதை விரல்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு கதிரை மட்டும் ஒவ்வொன்றாகக் கொய்வார்கள். கத்தியைப் பார்த்தால் நெல் பயந்துவிடும் என்று கைக்குள்ளேயே மறைத்துப் பிடிப்பது வழக்கம். கொய்த கதிரைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் காயவைப்பார்கள். அதற்குப் பிறகு குறுகிய கால வெள்ளை நெல், அது அரிவாளும் அடிப்புமாக நம் ஊர் மாதிரியேதான். அறுத்த வயலில் வாத்துக் கூட்டத்தை இறக்கிவிட்டிருப்பார்கள், சிந்திய நெல்லும் பூச்சியும் நத்தையும் அதற்குத் தீனி.

காலை ஏழுக்குள் உபுதிலிருந்து கிளம்புங்கள். பதினொரு மணிக்கு மேல் மலையில் மேகம் இறங்கத் தொடங்கும், சுற்றுலா பஸ்களும் அப்போதுதான் வந்து சேரும். காலையில் குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வை. திரும்பும்போது நேரம் இருந்தால் தபானான் ஊரில் சுபாக் அருங்காட்சியகம் இருக்கிறது, 1981-இல் திறந்தது. ஏர், பரம்பு, ஆனி ஆனி, தெம்புக்கு எல்லாம் வைத்திருக்கிறார்கள். கூட்டமே இருக்காது. திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே டிரைவரை விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மனசு பொறுக்காமல் சொல்கிறேன். இந்த வயல்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. உபுது, சங்கு (Canggu) என்ற கடற்கரை ஊர்ப் பக்கமெல்லாம் வில்லாவும் ஓட்டலும் ஏறிவிட்டன. நிலத்தின் விலை ஏறினால் வரியும் ஏறுகிறது. வயலைப் பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டுவதே வயலைத் தின்கிறது. வாய்க்காலின் நடுவே ஒரு கட்டடம் எழுந்தால் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் தண்ணீர் போய்விடும், சங்கம் எவ்வளவு கட்டுக்கோப்பாக இருந்தாலும் சரி. அதனால் நம் கைச்செலவில் ஒரு பங்காவது நேராக விவசாயிக்குப் போகிற மாதிரி பார்த்துக்கொள்வது நம் கடமை என்று நினைக்கிறேன். சாப்பாட்டையும் தங்கலையும் உள்ளூர்க் குடும்பங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

---

இட்லிப்பொடி எழுதியது:

அம்மா சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன். நாங்கள் வீட்டில் எல்லாருமே சைவம், பாலியில் பட்டினி கிடக்கவில்லை. டெம்பே, தாவு (டோஃபு, சோயாப் பாலில் செய்த பன்னீர் மாதிரி) இரண்டும் எங்கேயும் கிடைக்கும். டெம்பே என்பது சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கியது, வறுத்துக் கொடுத்தால் அம்மாவுக்குப் பிடிக்கும். காடோ காடோ என்று வேகவைத்த காய்கறி மேல் வேர்க்கடலைச் சாறு ஊற்றிக் கொடுப்பார்கள். அதுதான் எங்களுக்குத் தினம் மதியச் சாப்பாடு. ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது சம்பலில். பார்த்தால் வெறும் மிளகாய்த் துவையல்தான், உள்ளே தெராசி என்ற இறால் விழுது இருக்கும். "தன்பா தெராசி, தன்பா இக்கான், தன்பா டாகிங்" என்று போனில் எழுதி வைத்துக் காட்டுங்கள். இறால் விழுது, மீன், கறி எதுவும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். முட்டை வேண்டாம் என்றால் "தன்பா தெலூர்" சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சோற்றின் மேல் பொரித்த முட்டை ஒன்று வந்து உட்கார்ந்துவிடும்.

ஜதிலுவியில் வயலைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடச் சின்னச் சின்னக் கடைகள் இருக்கின்றன. அங்கே விளைந்த சிவப்பரிசிச் சோறே கேட்டு வாங்குங்கள். அந்த அரிசியை வறுத்துப் போட்ட டீயும் கொடுப்பார்கள், பால் இல்லாமல், வறுத்த வாசனையோடு. என் மாமியார் அந்த அரிசியைப் பொட்டலமாக வாங்கி வந்து கஞ்சி வைத்தார்.

கோயிலுக்குள் போவதாக இருந்தால் ஆணும் பெண்ணும் இடுப்பில் சாரோங் சுற்றி மேலே ஒரு துண்டு கட்ட வேண்டும். அப்பா வேட்டி கட்டினால் பாதி வேலை முடிந்தது. வீட்டு வாசலிலும் வாய்க்கால் ஓரத்திலும் தென்னங்குருத்துத் தட்டில் பூ வைத்திருப்பார்கள், கானாங். காலில் பட்டுவிடாமல் பார்த்து நடங்கள்.

முடிந்தால் இன்னொன்று செய்யுங்கள். உபுதிலேயே கஜெங் தெரு வழியாக வடக்கே நடந்தால் கடைத்தெருவுக்குப் பின்னாலேயே வயல் வந்துவிடும். சுபாக் ஜுவுக் மானிஸ் என்று பெயர் போட்டிருக்கும். அடுக்கு வயல் என்று சொல்ல முடியாது, கிட்டத்தட்ட சமதளம். அப்பாவின் காலை நடைக்குச் சரியாக இருக்கும். ஜதிலுவிக்கு ஒரு நாள்தான், இது தினமும்.

---

வரப்போரம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மதகடி ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். அந்தத் தெம்புக்கு பகுதியை இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார். "மேல் வயல்காரன் கீழ் வயல்காரனுக்கு விடுறானா?" என்று கேட்டார். பூச்சிக்குப் பயந்து ஒன்றாக நடுகிறார்கள் என்றதும், "நாமளும் முறை வைச்சுத்தான் பாய்ச்சினோம், ஆனா இதை யோசிக்கலையே" என்றார்.

டிராவல்ஸ்காரரிடம் பேசிவிட்டேன். ஊஞ்சல், காப்பித் தோட்டம் இரண்டையும் எடுத்தாயிற்று. ஜதிலுவிக்கு ஒரு முழு நாள். தெகல்லாலாங்கை வேறொரு நாள் காலை ஏழு மணிக்கு, மதுரைக்காரன் சொன்ன மாதிரி மேலே உட்கார்ந்து பார்ப்பதாக முடிவு.

இன்னும் இரண்டு சந்தேகம். பெக்காசேயை நாம் போய்ப் பார்க்க முடியுமா, அது மரியாதைக் குறைவாகிவிடுமா? அப்புறம், வயலில் வேலை செய்கிறவரோடு பேசினால் பணம் கொடுக்கலாமா? அப்பா யாரிடமும் சும்மா கேட்டுவிட்டு வர மாட்டார், அதே சமயம் பணத்தை நீட்டினால் அவர் மனசு நோகுமோ என்று யோசிக்கிறார்.

---

மதகடி எழுதியது:

அப்பா கேட்டதற்கு முதலில் பதில். மேல் வயல்காரர் விடுகிறார், நல்ல மனசுக்காக மட்டும் இல்லை. கீழ் வயல்காரருக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் அவர் முறை தவறி நடுவார், பூச்சி தங்கிவிடும், அது மேலேதான் வரும். மேலே இருப்பவருக்குத் தண்ணீர் கவலை இல்லை, பூச்சிக் கவலை உண்டு. கீழே இருப்பவருக்குத் தண்ணீர்தான் கவலை. இரண்டு பேருக்கும் மற்றவர் தேவை. லான்சிங்கின் ஆய்வில் விவசாயிகளிடம் கேட்டபோதும் இப்படித்தான் வந்தது: மேல் வயல்காரர்கள் பூச்சியைச் சொன்னார்கள், கீழ் வயல்காரர்கள் தண்ணீரைச் சொன்னார்கள்.

பெக்காசேயைப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் அவரும் விவசாயி, அறுவடை நேரம் வேறு. நேராகப் போய் நிற்காமல், நீங்கள் அமர்த்தும் டிரைவரிடம் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லிவையுங்கள். "எங்க அப்பா நெல் விவசாயி, சுபாக்கைப் பற்றிக் கேட்க ஆசைப்படுகிறார்" என்று சொன்னால் போதும். டிரைவர்களில் பலருக்கு வீட்டில் வயல் உண்டு, சுபாக் கூட்டத்துக்குப் போகிறவர்களும் உண்டு. பெக்காசே கிடைக்காவிட்டால் அந்த டிரைவரே பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார். தபானான் பக்கத்து ஆளாகக் கேட்டு வாங்குங்கள்.

பணம்: வழியில் நின்று நாலு வார்த்தை பேசியவருக்கு நீட்ட வேண்டாம். சங்கடப்படுவார். அவர் உங்களைக் கூடவே நடத்திக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் அது அவருடைய வேலை நேரம், அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும். எவ்வளவு என்று டிரைவரைக் கேட்டு, மடித்து, வலது கையால் கொடுங்கள். இதைவிட நல்லது, அவர் வீட்டில் விற்பதற்கு அரிசி இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது. பலர் வீட்டிலேயே கிலோ கணக்கில் கட்டி விற்கிறார்கள். சமைக்கிற அரிசியாக மட்டும் வாங்குங்கள், கதிரோ விதைநெல்லோ பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டாம், இங்கே இறங்கும்போது தாவரத் தடுப்புச் சட்டத்தில் மாட்டும். அப்பாவுக்குக் கை துறுதுறுக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

அப்பாவுடைய போனில் நம் ஊர் வயல், நாற்றங்கால், நடவு, களம் எல்லாம் படமாக ஏற்றிக்கொண்டு போங்கள். மொழி தெரியாத இடத்தில் அதுதான் பேச்சை நடத்தும். நான் கல்லணைப் படம் ஒன்றைக் காட்டப் போய், ஒரு பெரியவர் தன் சுபாக்கின் தடுப்பணையைக் காட்ட எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலே கூட்டிப்போனார்.

---

வரப்போரம் எழுதியது:

விதைநெல் விஷயத்தை இப்போதே அப்பாவிடம் சொல்லிவிட்டேன் ஐயா, கேட்டதும் முகம் கொஞ்சம் வாடியது உண்மைதான். தபானான் டிரைவர் ஒருவரைத் தங்கும் இடத்துக்காரர்கள் மூலமாகப் பிடித்துவிட்டோம். அவருடைய அண்ணனுக்கு ஜதிலுவிக்குக் கீழே வயல் இருக்கிறதாம், எங்கள் வாரத்தில் அறுவடை இருந்தால் அங்கேயே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். போட்டோ ஏற்றும் வேலையை அப்பாவே எடுத்துக்கொண்டார். நேற்றுச் சாயங்காலம் ஊரில் இருக்கும் குத்தகைக்காரருக்குப் போன் போட்டு, மடை திறந்து தண்ணீர் பாய்வதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.